கேண்டிடா ஆல்பிகன்ஸ்: குரோமோசோம்களை எண்ணக் கற்றுக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

ஈஸ்ட் மரபியலுக்கு வருபவர்கள் பெரும்பாலும் ரொட்டி ஈஸ்டில் கைபழகிவிட்டு வருகிறார்கள். ஒரு மரபணுவை நீக்கு, விளைவைப் பார், மரபணுவைத் திருப்பிக் கொடு, விளைவு மறைகிறதா என்று பார். எளிமையான, நம்பகமான வழி. அதே பழக்கத்தோடு கேண்டிடா ஆல்பிகன்ஸில் கை வைத்தால் பாதி வேலை நடக்கும், மீதிப் பாதியில் ஏமாந்துபோவோம். இந்த ஈஸ்ட் தன் குரோமோசோம்களைக் கூட்டும், குறைக்கும், ஒரு கையை வெட்டி இன்னொன்றோடு ஒட்டும். அதையும் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சோதனையின் நடுவில் செய்யும்.

மாணவனாக இருந்தபோது ஒரு மரபணுவை நீக்கிய ஸ்ட்ரெயின் (ஒரே இனத்துக்குள் ஒரு தனி வகை) ஒன்று என் கையில் இருந்தது. ஃப்ளூகோனசோல் மருந்தில் அது அருமையாக வளர்ந்தது. அந்த மரபணுதான் காரணம் என்று முடிவுகட்டி, அதைத் திருப்பிச் செலுத்தினேன். எதிர்ப்பு அப்படியே இருந்தது. பல வாரங்கள் போன பிறகு முழு ஜீனோமையும், அதாவது மொத்த டிஎன்ஏவையும், வரிசைப்படுத்திப் பார்த்தால், 5ஆம் குரோமோசோம் மூன்று பிரதிகளாக உட்கார்ந்திருந்தது. நான் நீக்கிய மரபணுவுக்கும் அந்த எதிர்ப்புக்கும் சம்பந்தமே இல்லை. மரபணுவைத் தொடும் முன் குரோமோசோமை எண்ண வேண்டும் என்பதை அன்று கற்றேன். அந்த எண்ணுதலை எப்படிச் செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி.

உழைப்புக்கு ஏற்ற உயிரிதானா என்றால், ஆம். ஆரோக்கியமான பலரின் வாயிலும் குடலிலும் இது சத்தமில்லாமல் வாழ்கிறது. எதிர்ப்பாற்றல் குறைந்தால் வாய்ப்புண், பெண்களுக்குப் பிறப்புறுப்புத் தொற்று, தீவிர சிகிச்சையில் இருப்பவர்களுக்கு ரத்தத்தில் பரவும் உயிராபத்தான தொற்று என்று முகம் மாற்றுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட முன்னுரிமைப் பூஞ்சைப் பட்டியலில் மிகத் தீவிரமான முதல் பிரிவில் இருக்கும் நான்கில் இதுவும் ஒன்று. பரவிய தொற்றுக்குக் கொடுக்க நம்மிடம் இருப்பவை முக்கியமாக மூன்று வகை மருந்துகள்தான்: அசோல்கள், எக்கினோகேண்டின்கள், ஆம்போடெரிசின் சேர்ந்த பாலியீன்கள். அதில் ஒன்று பயனற்றுப்போவது பெரிய இழப்பு.

படி 1: ஜீனோமின் வரைபடத்தை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்

கேண்டிடா ஆல்பிகன்ஸ் இருமடிய உயிரி, அதாவது ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு பிரதியாக இருக்கும். அதற்கு 8 ஜோடி குரோமோசோம்கள். ஏழுக்கு 1 முதல் 7 வரை எண்கள், பெரியதிலிருந்து சிறியதாக. எட்டாவதற்கு 'ஆர்' என்று பெயர். ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுக்கள் அடுக்கடுக்காக இருப்பது அதில்தான். ஒரு செட்டின் நீளம் 14 மெகாபேஸுக்கு (ஒரு மெகாபேஸ் என்பது பத்து லட்சம் எழுத்து) சற்று மேல், அதில் 6,000க்கு மேற்பட்ட மரபணுக்கள். 1ஆம் குரோமோசோம் ஏறக்குறைய 3.2 மெகாபேஸ். 7ஆம் குரோமோசோம் 1 மெகாபேஸைக்கூடத் தொடாது. இந்த இரண்டு அளவுகளை மறக்காதீர்கள், பின்னால் கணக்குப் போடத் தேவைப்படும்.

எல்லோரும் ஒப்பிடும் ஸ்ட்ரெயின் எஸ்சி5314. ஒரு நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்டது. அதன் இருமடிய ஜீனோம் 2004இல் வெளியானது. ஜோடியின் இரண்டு பிரதிகளையும் ஒப்பிட்டால் சராசரியாக 237 எழுத்துக்கு ஒரு வேறுபாடு தெரிந்தது. 2013இல் அந்த வேறுபாடுகளை எந்தப் பிரதியைச் சேர்ந்தவை என்று பிரித்து, ஏ, பி என்று இரண்டு ஹாப்லோடைப்புகளாக, அதாவது பிரதிக்கு ஒரு வரிசையாக, அடுக்கினார்கள். இந்த வேறுபாடுகள் நமக்குக் கிடைத்த பெரிய வரம். ஒரு குரோமோசோம் தொலைந்ததா, கூடியதா, ஒரு பிரதி மற்றதன் மேல் எழுதப்பட்டதா என்பதையெல்லாம் இவைதான் காட்டிக்கொடுக்கின்றன.

இன்னும் மூன்று விசித்திரங்கள் உண்டு. முதலாவது, சியூஜி என்ற கோடான், அதாவது மரபணுவின் மூன்றெழுத்துச் சொல். பெரும்பாலான மற்ற உயிர்களில் அது லியூசின் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும். இங்கே பெரும்பாலும் செரின், மிகச் சிறிய பங்கு மட்டும் லியூசின். வேறு உயிரியிலிருந்து மரபணுவை அப்படியே கொண்டுவந்து வைத்தால் புரதம் தவறாக உருவாகலாம். பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்தின் மரபணுவைக்கூட இதற்கென்று மாற்றி எழுத வேண்டியிருந்தது.

இரண்டாவது, எம்ஆர்எஸ் எனப்படும் நீண்ட மறுதொடர்ப் பகுதி. 3ஆம் குரோமோசோம் தவிர மற்றவற்றில் முழு வடிவில் இருக்கிறது. அதன் நடுவில் சுமார் 2 கிலோபேஸ் நீளமுள்ள ஒரு துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. எத்தனை முறை என்பது ஸ்ட்ரெயினுக்கு ஸ்ட்ரெயின் மாறும். ஒரே குரோமோசோம் இரண்டு ஸ்ட்ரெயின்களில் இரண்டு நீளத்தில் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாவது சென்ட்ரோமியர், செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்கும் இடம். அதன் இரு பக்கமும் இருப்பவைதான் குரோமோசோமின் இடக்கையும் வலக்கையும். ரொட்டி ஈஸ்டில் அது சுமார் 125 எழுத்துகள் கொண்ட நிலையான வரிசை. கௌஸ்துவ் சன்யாலும் ஜான் கார்பனும் 2002இல் தொடங்கிய வேலை இங்கே வேறு கதையைச் சொன்னது. சுமார் 3 கிலோபேஸ் நீளப் பகுதியில் சிஎஸ்இ4 என்ற சிறப்பு ஹிஸ்டோன் புரதம் உட்காருகிறது. ஆனால் எட்டுக் குரோமோசோமிலும் அந்தப் பகுதியின் எழுத்து வரிசை எட்டு விதம். அடையாளம் எழுத்தில் இல்லை, அதன் மேல் உட்காரும் புரதத்தில் இருக்கிறது. 5ஆம் குரோமோசோமின் சென்ட்ரோமியரை முழுவதுமாக நீக்கினாலும், அதே குரோமோசோமில் வேறிடத்தில் புதிய சென்ட்ரோமியர் முளைத்துக்கொள்கிறது என்று 2009இல் காட்டினார்கள். எனக்கு இந்த உயிரியின் மேல் பிடிப்பு வந்ததே இந்த முடிவைப் படித்தபோதுதான்.

படி 2: ஸ்ட்ரெயினைச் சரியாகக் கையில் எடுங்கள்

இது இரண்டாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு ஆய்வகத்தில் செய்யும் வேலை. அந்தப் பயிற்சியும் அனுமதியும் முதலில்.

அடையாளம் காண்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. சீரத்தில் 37 டிகிரியில் 2 முதல் 3 மணி நேரம் வைத்தால் முளைக்குழல் நீட்டுவது கேண்டிடா ஆல்பிகன்ஸின் பழைய சோதனை. கேண்டிடா டப்ளினியென்சிஸ் என்ற நெருங்கிய உறவும் அதையே செய்யும். நிறம் காட்டும் ஊடகத்திலும் இரண்டும் பச்சையாகவே வரும், அடர்த்தி மட்டும் சற்று மாறும். இனத்துக்கு இனம் மாறும் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியை வரிசைப்படுத்தியோ, புரதங்களின் எடையை அளக்கும் மால்டி-டாஃப் கருவியிலோ உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் உறைபெட்டி. நோயாளியின் மாதிரியிலிருந்து வந்த தட்டில் ஒரு காலனியை மட்டும் எடுக்காதீர்கள். பல காலனிகளைத் தனித்தனியாகவும், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கூட்டாகவும் கிளிசராலில் கலந்து, மைனஸ் 80 டிகிரியில் அன்றே வைத்துவிடுங்கள். ஒரே நோயாளியின் உடலில் வெவ்வேறு குரோமோசோம் எண்ணிக்கை கொண்ட செல்கள் சேர்ந்து வாழலாம். ஒற்றைக் காலனியை எடுப்பது கூட்டத்தில் ஒருவரை மட்டும் விசாரித்துவிட்டு ஊர் நிலவரம் எழுதுவதற்குச் சமம்.

ஒவ்வொரு சோதனையையும் உறைபெட்டியிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். குளிர்பெட்டித் தட்டில் மாதக்கணக்கில் கிடந்த காலனியிலிருந்து தொடங்க வேண்டாம். அப்படிக் கிடப்பதும், தட்டுக்குத் தட்டு மாற்றிக்கொண்டே போவதும் ஒரு வகைப் பரிணாமச் சோதனைதான்.

படி 3: மொத்த டிஎன்ஏ எவ்வளவு என்று அளங்கள்

ஃப்ளோ சைட்டோமெட்ரி எளிது, விலை குறைவு, ஒரு நாளில் முடியும். செல்களை 70 சதவீத எத்தனாலில் நிலைப்படுத்தி, ஆர்என்ஏஸ் கொண்டு ஆர்என்ஏவை அழித்து, டிஎன்ஏவோடு ஒட்டும் ஒளிர்சாயம் ஏற்றிக் கருவியில் ஓட விடுகிறோம். இரண்டு முகடுகள் வரும். ஒன்று டிஎன்ஏவை இன்னும் இரட்டிப்பாக்காத செல்கள், மற்றது இரட்டிப்பாக்கிவிட்டவை.

இருமடிய ஸ்ட்ரெயினின் இரண்டாவது முகடும் நான்மடிய (நான்கு செட் கொண்ட) ஸ்ட்ரெயினின் முதல் முகடும் ஒரே இடத்தில் விழும். அதனால் தெரிந்த இருமடியம் ஒன்றையும் தெரிந்த நான்மடியம் ஒன்றையும் அதே நாளில், அதே சாயத்தில் ஓட்டாமல் எந்த முடிவும் எழுதாதீர்கள். செல்கள் ஒட்டிக்கொண்டிருந்தாலும் போலி முகடு வரும். இழையாக வளரும் ஸ்ட்ரெயின்களில் இது தலைவலி. லேசாக ஒலியலையில் உதறிப் பிரித்துவிட்டு நுண்ணோக்கியில் ஒருமுறை பாருங்கள்.

இந்த முறையின் எல்லையையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இருமடிய செல்லின் மொத்த டிஎன்ஏ சுமார் 28.6 மெகாபேஸ். 7ஆம் குரோமோசோம் ஒன்று கூடினால் அதில் 3 சதவீதத்துக்குச் சற்று அதிகம்தான் ஏறும். முகட்டின் அகலத்துக்குள் அது காணாமல் போய்விடும். ஃப்ளோ சைட்டோமெட்ரி செட் எண்ணிக்கையைச் சொல்லும், தனிக் குரோமோசோமைச் சொல்லாது.

படி 4: ஜெல்லில் குரோமோசோம்களை முழுசாகப் பாருங்கள்

வரிசைப்படுத்தல் மலிந்த காலத்தில், முழுக் குரோமோசோம்களை மின்புலத்தால் பிரிக்கும் செஃப் ஜெல் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். உடைந்து ஒட்டிய குரோமோசோமை அதன் உண்மையான நீளத்தில் ஒரே பார்வையில் காட்டுவது இன்றும் இதுதான். என் கருத்தில் ஒவ்வொரு மாணவரும் ஒருமுறையாவது இதைக் கையால் செய்து பார்க்க வேண்டும்.

சாதாரண ஜெல்லில் இவ்வளவு பெரிய டிஎன்ஏ பிரியாது. இங்கே மின்புலத்தின் திசையைத் திரும்பத் திரும்ப மாற்றுகிறோம். ஒவ்வொரு மாற்றத்திலும் பெரிய மூலக்கூறு திரும்பிக்கொள்ள அதிக நேரம் எடுக்கும், அதனால் பின்தங்கும். டிஎன்ஏ உடையாமல் இருக்க, செல்களை முதலிலேயே அகரோஸ் கட்டிக்குள் வைத்து, அதற்குள்ளேயே செல்சுவரையும் புரதங்களையும் நொதிகளால் கரைக்க வேண்டும். ஓட்டம் ஒரு நாளுக்கு மேல் போகும். பிப்பெட்டால் இழுத்து ஊதினாலே மெகாபேஸ் டிஎன்ஏ துண்டாகிவிடும் என்பதால் கட்டி முறைக்குக் குறுக்குவழி கிடையாது.

படிக்கும்போது கவனிக்க வேண்டியவை: ஒரு ஜோடி இரண்டு பட்டையாகப் பிரிந்திருந்தால் அது எம்ஆர்எஸ் நீள வேறுபாடாக இருக்கலாம். ஆர் குரோமோசோம் ரைபோசோம் மரபணுக்களின் எண்ணிக்கையைப் பொறுத்து இடம் மாறும். எங்கும் பொருந்தாத புதுப் பட்டை வந்தால் அதுதான் செய்தி. அந்தப் பட்டையைத் தெரிந்த மரபணுத் துண்டுகளால் சதர்ன் முறையில் தடவி, எது ஒட்டுகிறது என்று பார்த்து, எந்தக் குரோமோசோமின் எந்தக் கை என்று கண்டுபிடியுங்கள்.

படி 5: வரிசைப்படுத்தல், இரண்டு கண்களால் படிக்க வேண்டிய படம்

சரி, இனி முக்கியமான இடம். இங்கே அவசரம் வேண்டாம்.

குறுந்துண்டு வரிசைப்படுத்தலில் ஒவ்வொரு இடமும் எத்தனை முறை படிக்கப்பட்டது என்பது ஆழம். குறைந்தது 50 மடங்கு வேண்டும். நான் 100 கேட்பேன். அதற்கு 1.4 கிகாபேஸ் அளவு தரவு போதும். வாசிப்புகளை ஏ ஹாப்லோடைப்பின் மேல் மட்டும் பொருத்துங்கள். ஏ, பி இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் வாசிப்புகள் இரண்டு பக்கமும் சிதறி, ஆழமும் அல்லீல் (ஒரே இடத்தின் ஏ, பி வடிவங்கள்) விகிதமும் குழம்பிவிடும்.

முதல் கண் ஆழம். ஜீனோமைச் சில கிலோபேஸ் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் ஆழத்தையும் முழு ஜீனோமின் இடைநிலை மதிப்பால் வகுக்கிறோம். சராசரியால் வகுக்காதீர்கள். ஏனென்று பாருங்கள்: 1ஆம் குரோமோசோம் மூன்று பிரதியானால் அதன் ஆழம் 1.5 என்று வர வேண்டும். ஆனால் 3.2 மெகாபேஸ் கூடியதால் மொத்தச் சராசரியே 11 சதவீதம் ஏறிவிடும். சராசரியால் வகுத்தால் 1.35தான் கிடைக்கும், மற்ற எல்லாக் குரோமோசோம்களும் 0.9க்கு இறங்கித் தெரியும். பெரும்பகுதி ஜீனோம் இரண்டு பிரதியில் இருக்கும்வரை இடைநிலை மதிப்பு அசையாது.

இரண்டாவது கண் அல்லீல் விகிதம். ஏவும் பியும் வேறுபடும் இடங்களில் எத்தனை வாசிப்பு ஏ எழுத்தைச் சொல்கிறது, எத்தனை பி என்று எண்ணுகிறோம். இரண்டு பிரதியென்றால் 50:50. மூன்று பிரதியென்றால் 67:33. நான்கென்றால் 50:50 அல்லது 75:25. நூறும் பூஜ்யமும் என்று வந்தால் அங்கே ஒரு ஹாப்லோடைப் காணாமல் போயிருக்கிறது. எஸ்சி5314இலேயே சில பகுதிகள் இயல்பாக ஒரே மாதிரி இருக்கின்றன. அங்கே இந்தக் கண்ணுக்குப் பார்வை இல்லை. அதனால் எப்போதும் பெற்றோர் ஸ்ட்ரெயினை அருகில் வைத்தே ஒப்பிடுங்கள்.

இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் கதை துலங்குகிறது. ஒரு குரோமோசோம் முழுவதும் ஆழம் 0.5, விகிதம் 100:0 என்றால் ஒரு பிரதி தொலைந்திருக்கிறது. ஆழம் 1, விகிதம் 100:0 என்றால் ஒன்று தொலைந்து, மிஞ்சியது இரட்டித்திருக்கிறது. ஆழத்தை மட்டும் பார்த்தவருக்கு இந்த ஸ்ட்ரெயின் முற்றிலும் இயல்பாகத் தெரியும். குரோமோசோமின் நடுவில் ஓரிடத்தில் தொடங்கி நுனிவரை ஒரே ஹாப்லோடைப் நீண்டால், உடைந்த இழை மற்ற பிரதியை அச்சாக வைத்து நுனிவரை சரிசெய்துகொண்டது, அல்லது குறுக்கேற்றம் நடந்தது என்று கொள்ளலாம். சில கிலோபேஸ் மட்டுமே மாறியிருந்தால் அது மரபணு மாற்றீடு.

ஆழம் 1.2 என்று வந்தால்? பிரதிகளுக்கு முழு எண்தானே இருக்க முடியும் என்று அதை 1க்கு முழுமையாக்கிவிடாதீர்கள். அது கலப்புக் கூட்டம். 1.2 என்பது ஏறத்தாழ 40 சதவீத செல்களில் மூன்றாவது பிரதி இருப்பதற்குச் சமம். காலனிகளைப் பிரித்துத் தனித்தனியாகப் பாருங்கள்.

பொய் சொல்லும் இடங்களும் சில. குரோமோசோமின் நுனியான டெலோமியருக்கு அருகில் ஆழம் உயர்ந்து, படம் புன்னகை மாதிரி வளைவது டிஎன்ஏ தயாரிப்பின் பிழையாக இருக்கலாம். எம்ஆர்எஸ்ஸிலும் ரைபோசோம் மரபணுக்களிலும் வாசிப்புகள் குவியும். இவற்றை ஒதுக்கிவையுங்கள். ஒய்மேப் என்ற கருவி 2014இல் இதற்கென்றே உருவானது. ஆழம், அல்லீல் விகிதம் இரண்டையும் குரோமோசோம் படத்தின் மேல் நிறமாக வரைந்து காட்டும். ஆனால் ஒருமுறையாவது கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். அப்போதுதான் படம் எங்கே சறுக்குகிறது என்று கண்ணுக்குப் படும்.

சரியாகச் சமன்பட்ட நான்மடிய ஸ்ட்ரெயினில் ஆழம் எங்கும் 1, விகிதம் எங்கும் 50:50. இருமடியத்திலும் அதேதான். எவ்வளவு ஆழமாகப் படித்தாலும் இந்தத் தரவு இரண்டையும் பிரித்துச் சொல்லாது. படி 3ஐத் தாண்டிக் குதித்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

படி 6: குரோமோசோம் மாற்றத்தையும் மருந்து எதிர்ப்பையும் இணைப்பது

ஃப்ளூகோனசோல் தாக்கும் இலக்கு, பூஞ்சையின் செல்சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் தயாரிப்பில் வரும் ஒரு நொதி. அதன் மரபணு இஆர்ஜி11. மருந்தைச் செல்லுக்கு வெளியே இறைக்கும் சிடிஆர்1, சிடிஆர்2 பம்புகளை முடுக்கிவிடும் கட்டுப்பாட்டுப் புரதம் டிஏசி1. இரண்டு மரபணுக்களும் 5ஆம் குரோமோசோமின் இடக்கையில் இருக்கின்றன. இப்போது யோசித்துப் பாருங்கள், அந்தக் கையை மட்டும் கூட்டிக்கொண்டால் ஒரே அடியில் இலக்கும் பெருகும், பம்பும் பெருகும்.

இதைத்தான் ஆன்னா செல்மெக்கி, ஆன்யா ஃபோர்ஷே, ஜூடித் பெர்மன் மூவரும் 2006இல் கண்டார்கள். எதிர்ப்புள்ள ஸ்ட்ரெயின்களில் அனூப்ளாய்டி, அதாவது ஒழுங்கற்ற குரோமோசோம் எண்ணிக்கை, கூடுதலாகத் தென்பட்டது. அதிலும் குறிப்பாக இரண்டு இடக்கைகள் சென்ட்ரோமியரில் முதுகோடு முதுகு ஒட்டிய ஐசோகுரோமோசோம். இடக்கை சுமார் 470 கிலோபேஸ். இரண்டு சேர்ந்தால் 940. ஜெல்லில் அது 7ஆம் குரோமோசோமின் பக்கத்தில் போய் நிற்கும், கவனமாகப் பார்க்காவிட்டால் தவறிவிடும். வரிசைப்படுத்தலில் படம் தெளிவு: ஐசோகுரோமோசோம் கூடுதலாக வந்திருந்தால் இடக்கை நான்கு பிரதி, வலக்கை இரண்டு. ஒரு இயல்பான பிரதியின் இடத்தைப் பிடித்திருந்தால் இடக்கை மூன்று, வலக்கை ஒன்று. உங்கள் ஆழப் படம் சென்ட்ரோமியரில் படிக்கட்டு மாதிரி உடைந்தால் உடனே ஐசோகுரோமோசோமைச் சந்தேகியுங்கள்.

இந்தக் குளறுபடி எப்படித் தொடங்குகிறது என்பதற்கு 2014இல் ஒரு பதில் வந்தது. ஃப்ளூகோனசோலில் வைத்த செல்களில் தாய், மொட்டு, மொட்டின் மொட்டு என்று மூன்றும் பிரியாமல் ஒட்டி நிற்கின்றன. அதிலிருந்து டிஎன்ஏ இரட்டித்த, நான்மடியச் செல்கள் பிறக்கின்றன. அடுத்த பிரிவுகளில் குரோமோசோம்கள் சமமாகப் பிரியாமல் அனூப்ளாய்டி சந்ததி வருகிறது. மருந்து ஏற்கெனவே இருந்த மாற்றத்தைத் தேர்ந்தெடுப்பதோடு, மாற்றம் பிறப்பதற்கும் கை கொடுக்கிறது.

எண்ணிக்கை மாறாமலும் எதிர்ப்பு வரலாம். டிஏசி1இன் ஒரு பிரதியில் சடுதிமாற்றம் வந்து அது எப்போதும் முடுக்கிய நிலையில் நிற்கிறது என்று வையுங்கள். அதன் பின் மற்ற பிரதி தொலைந்து, மாறியது இரட்டித்தால் எதிர்ப்பு இன்னும் ஏறும். இனச்சேர்க்கை வகையைத் தீர்மானிக்கும் எம்டிஎல் பகுதியும் அதே கையில் இருப்பதால், அதுவும் கூடவே ஒரே வகையாக மாறிவிடுவது உண்டு. மருந்து எதிர்ப்புத் தேடும் ஓட்டத்தில் இணைசேரும் தகுதியும் இப்படி வந்து சேர்கிறது.

சோதனையில் என்ன செய்ய வேண்டும்? முதலில் எம்ஐசி, அதாவது வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்ச அளவு. கேண்டிடா ஆல்பிகன்ஸுக்கு 24 மணி நேரத்தில் படிக்கும், ஆய்வகத் தர அமைப்பான சிஎல்எஸ்ஐயின் அளவுகோலில் லிட்டருக்கு 2 மி.கி. வரை மருந்து வேலை செய்யும் என்றும், 8 முதல் எதிர்ப்பு என்றும் கொள்கிறோம். அதே தட்டை 48 மணி நேரத்திலும் பாருங்கள். எம்ஐசிக்கு மேலான அளவிலும் ஒரு பகுதி செல்கள் மெதுவாக வளர்ந்தால் அது சகிப்புத்தன்மை. எதிர்ப்பு வேறு, சகிப்பு வேறு. இரண்டையும் ஒரே எண்ணில் அடைக்க முடியாது.

அடுத்து காரணத்தை நிரூபிக்க வேண்டும். அனூப்ளாய்டி ஸ்ட்ரெயினை மருந்தில்லாத ஊடகத்தில் வளர்த்து, கூடுதல் குரோமோசோமை இழந்த காலனிகளைப் பிடியுங்கள். குரோமோசோம் போனவற்றில் எல்லாம் எதிர்ப்பும் போயிருந்தால் உங்கள் வாதம் நிற்கும். குரோமோசோம் போயும் எதிர்ப்பு நின்றால் எங்கோ ஒரு சடுதிமாற்றம் ஒளிந்திருக்கிறது, தேடுங்கள். பின்பு இஆர்ஜி11, டிஏசி1 பிரதிகளை ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்தால் எந்த மரபணுவுக்கு எவ்வளவு பங்கு என்று தெரியும்.

படி 7: மரபணுவை மாற்றும்போது

இரண்டு பிரதியையும் நீக்க வேண்டும் என்பது முதல் சிரமம். மாற்றம் நடந்த செல்களைப் பிரித்தெடுக்க நெடுங்காலம் யூஆர்ஏ3 மரபணுவை அடையாளமாகப் பயன்படுத்தினார்கள். அந்த மரபணு எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் வேகம் மாறும், நோய் உண்டாக்கும் திறனும் கூடவே மாறும் என்று பிறகு தெரிந்தது. பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள். நோர்சியோத்ரிசின் என்ற மருந்துக்கான எதிர்ப்பு அடையாளத்தை 2004இல் கொண்டுவந்த பிறகு, நோயாளிகளின் ஸ்ட்ரெயின்களிலும் நேரடியாக வேலை செய்ய முடிந்தது. 2015இல் சியூஜிக்கு ஏற்ப மாற்றி எழுதிய, டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் காஸ்9 நொதி வந்தது. ஒரே முறையில் இரண்டு பிரதியையும் மாற்ற வழி திறந்தது.

லித்தியம் அசிடேட்டும் வெப்ப அதிர்ச்சியும் கொடுத்து டிஎன்ஏவை உள்ளே செலுத்துவதே குரோமோசோம்களைக் கலைக்கக்கூடும். அதனால் தனித்தனியாக மாற்றிய இரண்டு ஸ்ட்ரெயின்களையாவது எடுங்கள். ஒவ்வொன்றையும் படி 5 வழியாக ஓட்டுங்கள். மரபணுவைத் திருப்பிக் கொடுத்த ஸ்ட்ரெயினையும் சேர்த்துத்தான். பிசிஆரில் மரபணு போய்விட்டது என்று காட்டியதும் நிறுத்திவிட்டால் எனக்கு நேர்ந்ததுதான் உங்களுக்கும் நேரும்.

படி 8: இணைசேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால்

பல பத்தாண்டுகள் இந்த ஈஸ்டுக்கு இனச்சேர்க்கையே கிடையாது என்று நம்பினார்கள். 1999இல் கிறிஸ்டினா ஹல்லும் அலெக்சாண்டர் ஜான்சனும் எம்டிஎல் பகுதியைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே இணைசேர்வதை இரண்டு குழுக்கள் காட்டின.

நடைமுறையில், எம்டிஎல்லின் இரண்டு வகையும் கலந்த ஸ்ட்ரெயின் இணைசேராது. முதலில் ஒரே வகையாக்க வேண்டும். எல்-சோர்போஸ் சர்க்கரை மட்டும் உள்ள தட்டில் பரப்பினால், 5ஆம் குரோமோசோமில் ஒரு பிரதியை இழந்த செல்களே பெரும்பாலும் வளரும். இதை 1998இல் எலெனா ரஸ்ட்செங்கோ குழு காட்டியிருந்தது. அடுத்து செல்கள் வெள்ளை வடிவத்திலிருந்து ஒபேக் (ஒளிபுகா) வடிவத்துக்கு மாற வேண்டும். ஃப்ளாக்சின் பி சாயம் கலந்த தட்டில் ஒபேக் காலனி இளஞ்சிவப்பாகத் தெரியும். 37 டிகிரியில் அது வெள்ளையாகத் திரும்பிவிடும் என்பதால் 25 டிகிரியில் வைத்திருங்கள். ஒபேக் செல்கள் வெள்ளையைவிடச் சுமார் பத்து லட்சம் மடங்கு திறமையாக இணைசேர்கின்றன.

இணைந்தால் நான்மடியம். குரோமோசோம் செட்டைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பு இங்கே இதுவரை காணப்படவில்லை. அதற்குப் பதில், சில ஊடகங்களில் வளரும்போது குரோமோசோம்களை ஒவ்வொன்றாக உதிர்த்து இருமடியத்தை நெருங்குகிறது. 2003இல் ரிச்சர்ட் பென்னெட்டும் ஜான்சனும் விவரித்த வழி இது. சந்ததியில் பல அனூப்ளாய்டிதான், எனவே விதிப்படியான மெண்டல் விகிதங்களை எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வொரு சந்ததியையும் எண்ணித்தான் ஆக வேண்டும். 2013இல் ஒரே செட் கொண்ட ஒருமடியங்களும் கிடைத்தன. மெதுவாக வளரும், சீக்கிரம் இரட்டித்துவிடும், ஆனாலும் மறைந்திருக்கும் ஒடுங்கு அல்லீல்களைத் தேட அவை அருமையான கருவி.

இதே வழிமுறையை மற்ற இனங்களுக்குக் கொண்டுபோகும்போது

கேண்டிடா ஆரிஸும், இப்போது நகாசியோமைசெஸ் என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்ட பழைய கேண்டிடா கிளாப்ரேட்டாவும் ஒருமடியங்கள். முதலாவதுக்கு 7 குரோமோசோம், இரண்டாவதுக்கு 13. அல்லீல் விகிதம் என்ற இரண்டாவது கண் அங்கே பெரும்பாலும் மூடிக்கொள்ளும். ஒரு குரோமோசோம் கூடினால் ஆழம் 1.5க்குப் பதில் நேராக 2க்கு ஏறும், அது ஒரு வசதி. கேண்டிடா பாராப்சிலோசிஸ் இருமடியம்தான், ஆனால் அதன் இரண்டு பிரதிகளுக்கும் நடுவில் வேறுபாடு மிகக் குறைவு என்பதால் விகிதப் படத்தில் புள்ளிகள் சொற்பமாகவே விழும். அந்த இனங்களில் ஜெல்லுக்கும் நீள்துண்டு வரிசைப்படுத்தலுக்கும் முதல் நாளிலேயே நேரம் ஒதுக்கிவிடுங்கள்.